இடது பக்கம் ஒரு கிணறு

அவர் ரயில் டிக்கெட் விற்றவர். அதுவும் ரயிலே இல்லாத ஸ்டேஷனில். பினாங்குத் தீவுக்குள் மலையேறும் கயிற்று ரயிலைத் தவிர வேறு தண்டவாளம் கிடையாது. ஆனால் படகுத்துறையான ஜெட்டிக்கு எதிரே ரயில்வேக்காரர்கள் கட்டிய பெரிய கட்டடம் ஒன்று உண்டு. அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு, பெரி என்கிற படகில் ஏறி, அக்கரையில் பிறை என்ற ஊரில் இறங்கினால்தான் ரயிலைக் கண்ணால் பார்க்கலாம். அந்தக் கட்டடத்தில் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து, சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் ஊரார் எல்லாரையும் அனுப்பிவைத்த கிராணி, அதாவது குமாஸ்தா, அவர். அவர் மட்டும் ஈப்போவைத் தாண்டியதில்லை. ஈப்போவுக்கும் ஒரு சாவுக்குப் போய் மறுநாளே திரும்பியவர்.

பயந்த மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் குண்டுக்கும் கத்திக்கும் அவர் மற்றவர்களை விடக் கூடுதலாகப் பயந்ததாக நான் பார்க்கவில்லை. அடுத்து என்ன என்று தெரியாமல் இருப்பதற்குத்தான் பயந்தார். இறங்குகிற இடம் தெரியாமல் ஏறுவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

நான் அதற்கு நேர்மாறு. சுங்கை பாக்காப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கப்பல் அடுப்படியிலும் துறைமுகத்திலும் கிடந்து வளர்ந்தவன். ஜப்பான்காரன் வருவதற்கு ஒரு வருடம் முன்னால் அவருடைய ஜன்னலில் போய் நின்றேன். எங்கே போக வேண்டும் என்று கேட்டார். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எங்கையெண்டு முடிவெடுத்திட்டு வாரும் தம்பி. நான் இஞ்சதான் இருப்பன்," என்றார். நான் எங்கேயும் போகவில்லை. கொஞ்ச நாளில் அவர் வீட்டுப் பின்கட்டில் பாய் விரித்துப் படுக்கிற ஆளாகிவிட்டேன்.

காரணம், நான் இந்தியாவைப் பார்த்தவன்.

அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்தவர். இவர் பினாங்கிலேயே பிறந்தவர். இந்தியா அவருக்குச் சொந்தமுமில்லை, ஊருமில்லை. கப்பலில் ஏழு நாள் தள்ளி இருக்கும் பெரிய அந்நிய தேசம், அவ்வளவுதான். யாரோ ஒரு பயணி மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போன இந்திய ரயில்வே டைம்டேபிள் அவர் கைக்கு வந்திருந்தது. மூன்று மாதம் வைத்திருந்து பார்த்தார். யாரும் கேட்டு வரவில்லை. அதிலிருந்துதான் அவருக்கு அந்த ஆசை பிடித்ததாம். பென்சன் வாங்கியதும் மனைவியைக் கூட்டிக்கொண்டு நாற்பத்தொரு நாள் சுற்றுவது. மெட்ராஸில் இறங்கி, பெஜவாடா, நாக்பூர், ஆக்ரா, டில்லி, லக்னோ, காசி, கல்கத்தா. அங்கிருந்து கப்பல். புண்ணியத்துக்காகப் போகவில்லை, பார்ப்பதற்காகப் போகிறோம் என்று எல்லாரிடமும் அழுத்திச் சொல்வார்.

அக்காவுக்கு, அதாவது அவர் மனைவிக்கு, கோட்டையும் கோபுரமும் வேண்டாம். "ஒரு நாள் முழுக்க ஜன்னலோரமா இருக்கவேணும். ஒருத்தரும் வந்து சோறு கேக்கக்கூடாது. எனக்கு அதுதான் இந்தியா," என்பார். அவர் போவார் என்று அக்கா நம்பவுமில்லை. கக்கூசுக்குப் போவதற்கே பஞ்சாங்கம் பார்க்கிற மனிதர் கப்பல் ஏறுவாரா என்று என்னிடம் கேட்பார், அவர் காதில் விழும்படியாகவே.

நான்கு பெரிய தாள்களை மைதா பசையால் ஒட்டி அந்தத் திட்டத்தை எழுதியிருந்தார். முதல் நாள் வியாழன். எந்த வருடத்து வியாழன் என்று எழுதவில்லை. ஊர், வண்டி வரும் நேரம், புறப்படும் நேரம், தண்ணீர், சைவச் சாப்பாடு, குளிக்குமிடம் என்று கோடு போட்ட கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு, 'சொன்னவர்'. ஆபீசில் எந்தத் தகவலை எழுதினாலும் யார் சொன்னது என்று எழுத வேண்டும், பின்னால் பிழை வந்தால் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்று விளக்கினார். அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை என் பெயர்தான்.

பத்தொன்பது வயதில் நான் கப்பலிலிருந்து இறங்கி நாலு மாதம் இந்தியாவில் திரிந்தேன். டிக்கெட் எடுத்ததில்லை. பெஞ்சுக்கு அடியில் படுத்துப் போனவனுக்கு ஸ்டேஷன் எப்படித் தெரியும்? இதை அவரிடம் சொன்னபோது உண்மையாகவே முகம் வாடிவிட்டது. என்னைத் திட்டவில்லை. ஆனால் அதற்கப்புறம் என் பெயருக்குப் பக்கத்தில் எல்லா இடத்திலும் 'டிக்கெட் இல்லாமல்' என்று சின்ன எழுத்தில் சேர்த்துவிட்டார்.

ஜப்பான்காரன் வந்தான். ஊரின் ஒரு பாதி குண்டில் போயிற்று. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. டிக்கெட் ஜன்னல் மறுபடி திறந்தபோது அவரை அதே நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். தெருமுனைகளில் காவல்காரன் நின்றான். அவனைக் கடக்கும்போது இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும். சரியாக வளையாதவனுக்குக் கன்னத்தில் விழும். சில பேருக்கு வெயிலில் கல்லைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கும் தண்டனை. இவர் ஒரு வாரம் தெருத்தெருவாய் நடந்து பார்த்து, வீட்டிலிருந்து எங்கே போனாலும் எந்தப் பாதையில் எத்தனை காவல் என்று எழுதிக்கொண்டார். பாசார் என்கிற சந்தைக்கு மூன்று கும்பிடு. ஆபீசுக்கு இரண்டு, ஆனால் சுற்று அதிகம். ஆஸ்பத்திரிக்கு ஐந்து, ஆகவே காய்ச்சல் வந்தால் வீட்டிலேயே கிடக்க வேண்டும். நாங்கள் தூரத்தைக் கும்பிடால் அளக்கப் பழகிவிட்டோம்.

கடிகாரத்தையும் மாற்றச் சொன்னார்கள். டோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இனிமேல் பினாங்கிலும். முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளினோம். பழைய நேரம் காட்டிய கைக்கடிகாரத்துக்காக அடி வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். ஊரில் தமிழர்களுக்குள் இதனால் ஒரு வாக்குவாதம் கிளம்பியது. இராகு காலம் இனி எப்போது? வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு என்று காலண்டரில் இருக்கிறது. எந்தப் பத்தரை? கடிகாரம் சொல்கிறபடி செய்வோம் என்று சிலர். இவர் ஒரே வார்த்தையில் முடித்தார். "ராகுவுக்கு ஆர் கட்டளை போடுறது?" சூரியன் மாறவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை இராகு காலம் புதுக் கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. அந்த வீட்டில் அதுதான் சட்டம். அந்த நேரத்தில் எந்தக் காரியமும் தொடங்கக்கூடாது என்பதால், வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்கு வேலைக்குக் கிளம்பப் போன என்னை அக்கா ஒன்றரை வரை பிடித்து உட்காரவைத்திருக்கிறார்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அந்தத் தாளை விரிப்பார். வெளியே லாரிச் சத்தம் கேட்டால் மூவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். தெருக்களை மறித்து ஆட்களை வரிசையில் நிறுத்துவார்கள். முகத்தைச் சாக்கால் மூடிய ஆள்காட்டி ஒருவன் வரிசைக்கு முன்னால் நடப்பான். அவன் தலையை அசைத்தால் போதும், நிற்கிறவன் லாரியில் ஏற வேண்டும். அப்படி ஏறிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். திரும்பி வரவில்லை. லாரி போன பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி. நாக்பூர்," என்பார்.

வழியில் வரும் எந்த ஸ்டேஷனையும் அவர் தாளில் விட்டுவைக்கவில்லை. பெஜவாடாவுக்கும் நாக்பூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன். அதன் பெயரை இப்போதும் எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்கு மட்டும் தண்ணீர்க் கட்டம் காலியாக இருந்தது. ஒரு வாரம் விடாமல் கேட்டார். அந்தப் பக்கமெல்லாம் நான் தூங்கிக்கொண்டு போனவன். அன்றைக்கு வீட்டில் கிழங்கைத் தவிர எதுவுமில்லை, அதற்கு உப்புமில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன்.

"இடது பக்கம் ஒரு கிணறு இருக்குண்ணே. வேப்ப மரத்தடி. தண்ணி இனிப்பா இருக்கும்."

"இனிப்போ?" என்றார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அக்காவைக் கூப்பிட்டு, பித்தளைக் கூஜாவை அங்கே நிரப்பிக்கொள்ளலாம் என்று சொன்னார். பிறகு எழுதினார். கிணறு, இடது பக்கம், வேம்பு, இனிப்பு. சொன்னவர் நான், டிக்கெட் இல்லாமல்.

இன்னொன்றும் அந்தத் தாளில் இருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் நேராக, கறுப்பு மசியில் ஒரு வட்டம். திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது. சனி ஒன்பதிலிருந்து பத்தரை. வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அந்த வட்டத்துக்குள் புறப்படுகிற வண்டியில் ஏறுவதில்லை. ஜான்சியில் அரை மணியில் நல்ல வண்டி ஒன்று இருந்தும், அது வட்டத்துக்குள் புறப்படுவதால் ஒன்பது மணி நேரம் காத்திருந்து அடுத்த வண்டியில் ஏறுவதாகத் திட்டம். தமிழன் யார் பார்த்தாலும் என்ன அது என்று கேட்கமாட்டான். தமிழன் அல்லாத ஒருவன் கையில் அந்தத் தாள் போகும் என்று நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. பகல் முழுக்க ஒவ்வொரு கும்பிடையும் எண்ணி நடந்த மனிதர் அவர். நான் ஊர் சுற்றியவன். இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை.

எங்கள் வரிசை வீடுகளில் யாரோ ஒளித்து வைத்து ரேடியோ கேட்கிறார்கள் என்று புகார். ஒரு காலையில் இராணுவப் போலீஸ் வந்து வீடு வீடாகப் புரட்டியது. ரேடியோ அகப்படவில்லை. எங்கள் வீட்டில் காலி அரிசிப் பீப்பாய்க்குள் எதிரி நாட்டு ரயில்வே டைம்டேபிள் அகப்பட்டது. சுவாமி படத்துக்குப் பின்னால் நாலு தாள் அகப்பட்டது. ஊர்கள், நேரங்கள், தண்ணீர் இருக்கும் இடங்கள், கிழமைக்குக் கிழமை மாறி வாராவாரம் அப்படியே திரும்பி வரும் கறுப்பு வட்டங்கள். கடைசிக் கட்டத்தில் ஒரே ஆளின் பெயர்.

நான் ஜெட்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அக்கா செருப்பில்லாமல் வந்து நின்றார். அழவில்லை.

"அவரைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். உன்ர பேரையும் வாசிச்சவங்கள். நீ ஓடு தம்பி."

"நான் ஓடினா அண்ணன் கதி?"

"அவர் கதி அவர்ர கட்டத்தில எழுதியிருக்கு. நீ ஓடு."

ஓடலாம் என்றுதான் நினைத்தேன். பெருமைக்காக மறைக்க மாட்டேன். பெரியில் ஏற அடையாளச் சீட்டு காட்ட வேண்டும், அதில் என் பெயர் இருக்கிறது. நீந்த முடியாது. ஒளிந்தால், சொன்னவன் ஓடிவிட்டான், ஆகவே இது உளவுதான் என்று ஆகிவிடும். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அவர் சொல்லித் தந்த பாதையில் நடந்தேன். நாலு கும்பிடு. நாலாவது கும்பிடு இராணுவப் போலீஸ் குடியேறியிருந்த வீட்டு வாசலிலேயே.

முன்பு வெள்ளைக்காரர் யாரோ இருந்த வீடு. அறையில் மேசை, மேசைமேல் எங்கள் தாள், அதன் நாலு மூலையிலும் பறக்காமல் இருக்கக் கல். அதிகாரி மெலிந்த மனிதர். கத்தவில்லை. பக்கத்தில் மலாய் பேசும் துபாஷி ஒருவன். முதலில் வட்டங்களைக் காட்டிக் கேட்டார்கள். கெட்ட நேரம் என்றேன். யாருக்குக் கெட்டது என்று துபாஷி கேட்டான். எல்லாருக்கும் என்றேன். வெள்ளிக்கிழமை கெட்ட நேரம் எது, தாளைப் பார்க்காமல் சொல் என்றான்.

வீட்டில் பழகியது அப்படியே வாயில் வந்தது. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை என்றேன்.

தாளில் பத்தரையிலிருந்து பன்னிரண்டு.

துபாஷி, "பொஹொங்," என்றான். மலாயில் பொய். கன்னத்தில் விழுந்தது. எங்கே தப்பு என்று எனக்கு விளங்குவதற்குள் அடுத்த கேள்வி. இந்த ஸ்டேஷனில் கிணறு எந்தப் பக்கம்? சொன்னது நான். ஆனால் எந்தப் பக்கம் சொன்னேன்? இருந்திருந்தால் நினைவிருக்கும். இல்லாத கிணற்றை எப்படி நினைவு வைத்துக்கொள்வது? வலது பக்கம் என்றேன். அதற்கும் விழுந்தது. அதிகாரி ஒரு பென்சிலை எடுத்து, என் பெயர் இருந்த இரண்டு கட்டத்தில் கோடு போட்டார். அந்தப் பென்சில் சத்தம் அடியை விட மோசமாக இருந்தது.

கப்பலில் புயல் பார்த்திருக்கிறேன். மேடான் பட்டணத்தில் கத்திக்குத்து வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் வந்த பிறகு தெரிந்துகொண்டவை. இங்கே வரப்போவதை முன்னாலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்து அறைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அவருடைய பயம் என்ன என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்தினார்கள். அவருக்குக் கண்ணாடி இல்லை. சட்டை இல்லை, அதை மடித்துக் கையில் வைத்திருந்தார். வலது கையை ஒரு துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்து நின்றார். தாளை அவர் பார்க்காதபடி கவிழ்த்து வைத்துவிட்டு, முதல் நாளிலிருந்து சொல் என்றார்கள்.

சொன்னார். மலாயில்தான் சொன்னார், அதுவும் அவர் வாயில் யாழ்ப்பாணமாகத்தான் கேட்டது. வியாழன், மெட்ராஸ், காலை இத்தனை மணி. எங்கே குளிப்பது, எங்கே தயிர் கிடைக்கும், எந்தப் பிளாட்பாரம். குரல் முதலில் நடுங்கியது. பெஜவாடாவைத் தாண்டியதும் நடுக்கம் நின்றுவிட்டது. அதிகாரி டைம்டேபிளில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். அந்தச் சின்ன ஸ்டேஷன் வந்தது. கிணறு, இடது பக்கம். துபாஷி நிறுத்தினான். இவன் வலது பக்கம் என்கிறானே?

அவர் யோசிக்கவேயில்லை. போகும்போது இடது பக்கம், திரும்பி வரும்போது வலது பக்கம், இந்தத் தம்பி திரும்பி வந்ததை நினைத்துச் சொல்லியிருப்பார் என்றார்.

அதிகாரி விரலை எடுத்து, கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். சரி என்று தலையை அசைத்தார்.

அடுத்து வெள்ளிக்கிழமை. அதற்கும் பதில் வைத்திருந்தார். கெட்ட நேரம் சூரியனைப் பொறுத்தது. இங்கே கடிகாரத்தை முன்னே தள்ளியிருப்பதால் பன்னிரண்டு என்றது சரி. தாளில் இருப்பது இந்திய ரயில்வே கடிகாரம், ஆகவே அங்கே பத்தரை என்றதும் சரி. அதிகாரி ஒரு காகிதத்தில் சூரியன் போலச் சின்னதாக ஒரு வட்டம் வரைந்து, துபாஷியிடம் ஏதோ கேட்டுத் தெரிந்துகொண்டார். பிழைத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அதிகாரி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக ஒன்று கேட்டார். துபாஷி சொன்னான்: நிப்பான் படை இந்தியாவுக்குள் போன பிறகும் அங்கே பழைய நேரம்தான் ஓடும் என்று நீ எழுதியிருக்கிறாய். அப்படியா?

ஆமாம் என்றால் ஜப்பான் தோற்கும் என்று எழுதிவைத்தவர். இல்லை என்றால் இந்தத் தாள் பொய், பொய்த் தாள் என்றால் உளவுத் தாள். இரண்டு பக்கமும் குழி. அவருக்கு நெற்றியில் வேர்வை இல்லை. டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் முகம்தான் அங்கேயும் இருந்தது.

"டைம்டேபிளை மாத்த எனக்கு அதிகாரம் இல்லை, துவான். புதுசு அச்சடிச்சு வந்தால் மாத்துவன்."

துபாஷி உடனே மொழிபெயர்க்கவில்லை. அவரை ஒரு தடவை பார்த்தான், அதற்கப்புறம்தான் சொன்னான். அதிகாரி வெள்ளைத் தாள் நாலை எடுத்து மேசையில் வைத்தார். இப்போது மாற்று. எல்லாவற்றையும் டோக்கியோ நேரத்தில்.

இந்திய நேரத்தோடு மூன்றரை மணி நேரம் கூட்ட வேண்டும். நாற்பத்தொரு நாளுக்கும், வண்டி வண்டியாக, வட்டங்களையும் சேர்த்து. வலது கை ஆகாது என்பதால் இடது கையால் எழுதினாராம். என்னை அன்றே முதுகில் ஒரு உதையோடு வெளியே விட்டுவிட்டார்கள். அவர் வர மேலும் பதினொரு நாள் ஆயிற்று.

வெயில் நேரத்தில் தெரு நடுவே நடந்து வந்தார். வாசலில் நின்று, வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் எங்களையும் கும்பிட்டார். வளைந்தபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். அக்கா போய் நிமிர்த்திக் கூட்டிவந்தார். வலது கையில் இரண்டு விரலுக்கு நகம் இல்லை. மடியில் புதிய தாள், ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு முத்திரை. கல்கத்தாவை நிப்பான் பிடித்ததும் இந்தத் தாளின்படி நீ போக வேண்டும், போனாயா என்று நான் கேட்பேன் என்று சொல்லி அனுப்பினாராம் அதிகாரி.

அன்றிலிருந்து அவருக்கு வேறு மாதிரி பயம். அந்தத் தாளை வீட்டில் வைத்திருக்கவும் பயம், கிழிக்கவும் பயம். எங்கேயோ இந்திய எல்லைக்குப் பக்கத்தில் படை நெருங்கிவிட்டது என்று ஒலிபெருக்கி கத்தினால், உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊர் முழுக்கக் குண்டுக்குப் பயப்படும்போது இந்த மனிதர் மட்டும் டிக்கெட்டுக்குப் பயப்படுகிறார் என்று அக்கா சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிக்கமாட்டார்.

ஒரு சாயங்காலம் கிணற்றைப் பற்றி நானே பேச்செடுத்தேன். அது பொய் என்று சொன்னேன். அவர் கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தார், நகமில்லாத விரலைத் தூக்கிப் பிடித்தபடி.

"தெரியும் தம்பி. நாங்கள் போற மெயில் வண்டி அங்க நிக்கிறதே இல்லை. டைம்டேபிள்ல இருக்கு."

"பின்னே ஏண்ணே எழுதினீங்க?"

"இனிப்பு எண்டு சொன்னனீர். அண்டைக்கு வீட்டில வேற என்ன இருந்தது?"

மெயில் அங்கே நிற்பதில்லை என்பதை அதிகாரி அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டும் கவனிக்கவில்லை. அவர் அதை அறிந்தே அங்கே நின்று, இடது வலது என்று விளக்கியிருக்கிறார்.

சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலைக்கு என்னைப் போன்ற ஆட்களைப் பிடித்து லாரியில் ஏற்றத் தொடங்கியபோது, அக்கரையில் தாசேக் கெலுகோர் பக்கம் போய் மரவள்ளி நட்டுப் பிழைத்துக்கொள்ளச் சொன்னார். போகும் வழியை வாயாலேயே சொன்னார், எழுதவில்லை. எந்தப் பெரி, எந்தக் காவல் எத்தனை மணிக்கு மாறும், எங்கே குனிந்து எங்கே நிமிர வேண்டும். ஆறு கும்பிடு. அவர் சொன்னபடியே இருந்தது. மூன்று தடவை சொல்லிக் காட்டச் சொன்னார். யாராவது கேட்டால் சொன்னவர் யார் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். சரி என்றார்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. சண்டை முடிந்து, கடிகாரமெல்லாம் பின்னே தள்ளியாகி, நான் திரும்பி வந்தபோது அக்கா மட்டும் இருந்தார். கடைசி வருடம் கால் வீங்கி இறந்துவிட்டாராம். அவருடைய சட்டைப் பையில் வைத்து அந்தத் தாளையும் எரித்துவிட்டதாகச் சொன்னார். போகிற இடத்தில் முத்திரை கேட்டாலும் கேட்பார்கள் என்றார். நீங்களாவது இந்தியாவுக்குப் போகலாமே, நான் கூட்டிப் போகிறேன் என்றேன். "ஜன்னலோரம் இருக்க எனக்கு இஞ்சயே ஜன்னல் இருக்கு. சோறு கேக்கவும் ஆள் இல்லை," என்றார்.

பல வருடம் கழித்து ஒரு கப்பல் என்னை மெட்ராஸில் இறக்கிவிட்டது. இரண்டு மாதம் கையில் இருந்தது. மெயில் நிற்காது என்பதால் ஊர்தோறும் நிற்கும் பாசஞ்சரில் ஏறி, அந்தச் சின்ன ஸ்டேஷனில் இறங்கினேன். வேப்ப மரம் இல்லை. சிமென்டுத் தொட்டியும் ஒழுகும் குழாயும்தான் இருந்தன. வாய் வைத்துக் குடித்தேன், உப்பு. அடுத்த வண்டி வந்து நின்றபோது ஸ்டேஷன் மணி பத்தே முக்கால். அன்று வெள்ளிக்கிழமை.

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தும் ஏறவில்லை. வண்டி போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்தேன். கொடி பிடிக்கும் ஆள் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். ஏன் வண்டியை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாய், யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கேட்டிருந்தால் எழுந்து குனிந்து கும்பிட்டிருப்பேன். பன்னிரண்டு அடித்த பிறகுதான் எழுந்தேன்.

இடது பக்கம் கிணறு இல்லை. வலது பக்கமும் இல்லை. சொன்னவர் நான். இந்தத் தடவை டிக்கெட் வாங்கியிருந்தேன்.